எக்ஸ்86-ல ஓடுதுன்னா போதுமா?

மக்களே, மறுபடியும் அதே பல்லவி. "மெமரி பேரியரா? அதெல்லாம் ஆர்ம் சிப் காரங்களுக்கு. நமக்கு வாலட்டைல் போட்டா போதும்." கேட்டாலே பத்திக்கிட்டு வருது.

லினக்ஸ்ல 2008-லேர்ந்து இருக்கற விர்ட்ஐஓ-வை எடுத்துக்குங்க. விர்ச்சுவல் மெஷின் உள்ளே இருக்கற டிரைவர், ரிங் பஃபர்ல வேலையைப் போட்டுட்டு இன்டெக்ஸை ஏத்தும். இந்த ரெண்டு ரைட்டோட வரிசையை எக்ஸ்86 தானே காப்பாத்தும், ஒத்துக்கறேன். ஆர்ம் காப்பாத்தாது.

ஆனா கதை அதோட முடியலையே! இன்டெக்ஸை எழுதின கையோட, "மணி அடிக்கணுமா?"ன்னு டிவைஸ் வச்ச ஃப்ளாகை டிரைவர் படிக்கும். முதல்ல ரைட், அப்புறம் ரீட். இந்த வரிசையை எக்ஸ்86-உம் மாத்தும் சாமி! எழுதினது ஸ்டோர் பஃபர்ல காத்துக்கிட்டிருக்க, ரீட் முந்திக்கும். கிடைக்கறது "வேண்டாம்"ங்கற பழைய ஃப்ளாக். மணி அடிக்காது.

அதே நொடியில டிவைஸ் "இனிமே மணி அடி"ன்னு ஃப்ளாகை மாத்திட்டு, பழைய இன்டெக்ஸைப் பார்த்து, வேலையில்லைன்னு தூங்கப் போயிடும். பாக்கெட் ரிங்லயே கிடக்கும். நெட்வொர்க் அம்பேல். ரீபூட் பண்ணினா சரியாயிடும், காரணம் மட்டும் யாருக்கும் தெரியாது.

வாலட்டைல் கம்பைலரைத்தான் அடக்கும், சிப்பை இல்லை. ரெண்டு பக்கமும் முழு பேரியர் வேணும்.

"வேகம் போயிடுமே"ம்பாங்க. பத்து பாக்கெட்டைச் சேர்த்துப் போட்டு, ஃப்ளாக் பார்க்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பேரியர். தேவையில்லாம மணி அடிச்சு ஹோஸ்டுக்குப் போயிட்டு வர்ற செலவோட ஒப்பிட்டா அது தூசு.

மறுப்பு இருந்தா பின்னூட்டத்துல தாராளமா கும்முங்க. "என் மெஷின்ல ஓடுதே"ன்னு மட்டும் வராதீங்க.