பாயிரம் இல்லாத கருவி

செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள ஊர். பார்சுவநாதர் கோயிலுக்கும் ஓலைச்சுவடிகளுக்கும் பேர்போன இந்த ஊருக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக ஒன்றும் இல்லைதான். ஆனால் அதே தமிழ்ச் சமண மரபில் வந்த பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலில், இன்று ஏ.ஐ. ஏஜென்டுகளுக்குக் கருவி எழுதுகிறவர்கள் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. அது பாயிரம்!

முதலில் ஏஜென்ட் விஷயம். "சர்வர் ஏன் மெதுவாக ஓடுகிறது?" என்று கேட்டால், தானே சில கருவிகளை இயக்கிப் பார்த்துக் காரணம் சொல்லும் மென்பொருள் அது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், இப்படிக் கருவிகளை இணைக்க ஒரு பொது வழியைத் தந்தது. அதில் ஒரு கருவியைப் பற்றி மாடலுக்குத் தெரிவது பெயர், விளக்கம், என்ன உள்ளீடு தர வேண்டும் என்பது போன்ற சில விவரங்கள்தான். உள்ளே இருக்கும் நிரலை அது பார்ப்பதில்லை. ஆக, விளக்கம் தவறினால் எல்லாம் தவறும்.

உதாரணத்துக்கு லினக்ஸ் கணினியின் நினைவகம். "நினைவகத்தைக் காட்டும்" என்று ஒரே வரியில் விளக்கம் எழுதி, 'ஃப்ரீ' என்ற எண்ணை மட்டும் கருவி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ், சும்மா கிடக்கும் ராமைக் கோப்புகளின் தற்காலிகச் சேமிப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளும். தேவை வந்தால் திருப்பித் தரும். அதனால் நல்ல நிலையில் உள்ள சர்வரிலும் 'ஃப்ரீ' மிகக் குறைவாகவே தெரியும். பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்' எண்ணை. இதற்காகவே 2014இல் லினக்ஸ் கெர்னலில் தனிக் கணக்கு ஒன்று சேர்க்கப்பட்டது.

'லோட் ஆவரேஜ்' கதையும் இதுதான். லினக்ஸில் அந்த எண், பிராசசருக்காகக் காத்திருக்கும் வேலைகளோடு, டிஸ்க்குக்காகக் காத்து நிற்கும் வேலைகளையும் சேர்த்தே எண்ணும். டிஸ்க் சோர்ந்திருக்க, பிராசசர் மேல் பழி விழும். தேர்வு முடிவு வெளியாகும் இரவில் ஏஜென்ட் இப்படித் தப்பாகப் புரிந்துகொண்டு, நன்றாக ஓடும் சர்வரை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னால்? அவதிப்படுவது மாணவர்கள்தானே!

"மாடலுக்கு லினக்ஸ் தெரியுமே, தானே புரிந்துகொள்ளாதா?" என்று சிலர் கேட்பார்கள். லினக்ஸ் தெரியும், சரி. ஆனால் இந்தக் கருவி தரும் எண் மெகாபைட்டா கிகாபைட்டா, எந்த சர்வருடையது, நேரம் இந்திய நேரமா அல்லது ஐந்தரை மணி பின்தங்கிய யூடிசியா என்பதெல்லாம் எழுதியவர் சொன்னால்தானே தெரியும்?

இங்கேதான் நன்னூல் வருகிறது. எவ்வளவு விரிந்த நூலானாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலே ஆகாது என்கிறது அது. சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய எட்டில் நூலின் பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன், எல்லை ஆகியவையும் அடங்கும். எல்லை என்று நன்னூல் சொன்னது நூல் வழங்கும் நிலப்பரப்பை. கருவிக்கு அது வேறு வகை எல்லை: எங்கே செல்லும், எங்கே செல்லாது? பலரும் எழுத மறப்பது இதைத்தான்.

நல்ல விளக்கம் இப்படி இருக்கலாம்: "பெயர் குறிப்பிட்ட ஒரு சர்வரின் இப்போதைய ராம் நிலையை மெகாபைட்டில் தரும். 'ஃப்ரீ' குறைவாக இருப்பது மட்டும் பற்றாக்குறை ஆகாது. 'அவெய்லபிள்' எண்ணைக் கொண்டு முடிவு செய்யவும். பழைய நிலவரம் இதில் கிடைக்காது. இந்தக் கருவி எதையும் மாற்றாது."

அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதவும் கூடாது. எல்லாக் கருவிகளின் விளக்கமும் மாடல் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய அளவில் இடம் பிடிக்கும். ஒன்றுபோல இருக்கும் இரண்டு விளக்கங்கள் அதைக் குழப்பும். நன்னூல் பட்டியலிடும் பத்துக் குற்றங்களில் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் மூன்றும் இதற்கு அப்படியே பொருந்துகின்றன.

நிரலை எழுதி முடித்துவிட்டு, கடைசி நிமிடத்தில் ஒரு வரி விளக்கம் ஒட்டுவது இன்றைய பழக்கம். அந்த வரிதான் ஏஜென்டுக்குக் கண். அதை முதலில் எழுதிவிட்டு நிரலுக்குப் போவதே நல்லது.