பிடிச்சுக்கிட்ட போல்ட்டுக்கு ரெண்டு நாள் வாடகையைக் கொடுக்காதீங்க

இன்னைக்கு லோன் இல்ல, எஸ்ஐபி இல்ல. கமான் பட்டையைப் பத்திப் பேசப் போறோம். சிரிக்காதீங்க, பிக்கப் வச்சுத் தொழில் பண்றவங்களுக்கு இதுவும் பணக் கணக்குதான்.

வெளியூர்ல இருந்து பார்க்கிறவங்க காஞ்சிபுரம்னா வண்டி நிறைய பட்டுதான் போகும்னு நினைப்பாங்க. பட்டுப்புடவைக் கட்டுக்கு எடையே கிடையாது, அதுக்காக யாரும் பட்டையைத் தொட மாட்டாங்க. முசரவாக்கம் மாதிரி சுத்துப்பட்டு ஊர்கள்ல பிக்கப்போட முதுகை உடைக்கிறது நெல் மூட்டை, செங்கல், எம்-சாண்ட். அதனாலதான் வண்டி எடுத்த கையோட பின்பக்கம் ரெண்டு பட்டை கூடுதலா சேர்த்து, ஷேக்கிளை நீளமா மாத்தி, வண்டியைத் தூக்கிக் கட்டிடுறாங்க. வி-கிராஸ் மாதிரி வண்டி வாங்கி அழகுக்காகத் தூக்குற தம்பிகளும் இருக்காங்க. காரணம் வேற, கழட்டுற அன்னைக்கு வர்ற செலவு ஒண்ணுதான்.

அந்த நாள் பெரும்பாலும் எஃப்சி-க்கு முந்தின நாளாத்தான் இருக்கும். சேர்த்த பட்டையை இறக்கணும். மெக்கானிக் ஸ்பேனரைப் போடுவார், நட்டு வந்துடும், போல்ட் மட்டும் அசையாது. சுத்தியலால அடிப்பார். மண்ணெண்ணெய் ஊத்துவார். "நாளைக்குப் பார்க்கலாம்ணே"ம்பார்.

ஏன் இப்படிப் பிடிக்குது? ரப்பர் புஷ் வச்ச பட்டையில, ரப்பருக்கு நடுவுல ஒரு இரும்புக் குழாய் இருக்கும், அதுக்குள்ளதான் போல்ட் போகும். மழைத் தண்ணி, சேறு, வாட்டர் வாஷ்ல பீச்சி அடிக்கிற தண்ணி எல்லாம் அந்தச் சந்துல இறங்கி, குழாயும் போல்ட்டும் துருவால ஒண்ணாயிடும். இதுல மோசம் என்னன்னா, ஓட்டும்போது எதுவுமே தெரியாது. முறுக்கை எல்லாம் ரப்பர்தான் வாங்குது, போல்ட் சுத்தவே வேண்டியதில்ல. கழட்டும்போதுதான் தெரியும். கிரீஸ் நிப்பிள் வச்ச பின் வேற மாதிரி. அது பிடிச்சா பட்டை ஆடாது, வண்டி கல்லு மாதிரி அடிக்கும், விட்டா பிராக்கெட் ஓட்டையே தேஞ்சு நீண்டுடும். பிராக்கெட் சேஸிஸோட ரிவெட் அடிச்சது. அங்க போச்சுன்னா செலவு வேற லெவல்.

இப்போ கணக்குக்கு வருவோம். எட்டு லட்சம் லோன், 10% வட்டி, அஞ்சு வருஷம்னா மாசம் கிட்டத்தட்ட 17,000 ஈஎம்ஐ. ஒரு நாள் வாடகை 2,500, டீசல் 1,000 போக கையில 1,500 நிக்குதுன்னு வைங்க. வண்டி ரெண்டு நாள் நின்னா நஷ்டம் 3,000. சில பேர் இதோட ஈஎம்ஐ-யையும் சேர்த்துச் சொல்வாங்க, அது தப்பு. வண்டி ஓடினாலும் நின்னாலும் ஈஎம்ஐ போகத்தான் போகுது, அது இந்த 1,500-ல இருந்துதான் போகணும். உங்க வண்டிக்கு உங்க நம்பரைப் போட்டுக்கோங்க. அதுக்குப் பக்கத்துல ஒரு போல்ட், ஒரு ஜோடி புஷ் என்ன விலைன்னு ஸ்பேர்ஸ் கடையில கேட்டு எழுதுங்க. எதைக் காப்பாத்தப் போராடுறோம்னு தெரியும்.

அதனால என் கருத்து இதுதான்: பிடிச்ச போல்ட்டுக்கு ஒரு மணி நேரம், அதுக்கு மேல கிடையாது. முதல் நாள் ராத்திரியே பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு ஊற விடுங்க. காலையில நட்டை நுனி வரைக்கும் திருப்பி வச்சுட்டு அடிக்கச் சொல்லுங்க, இல்லன்னா மரை நசுங்கிடும். வரலையா? கிரைண்டரால ரெண்டு பக்கமும் அறுத்து எறிங்க. பழைய புஷ்ஷை பிரஸ் வச்சிருக்கிற பட்டறையில தள்ளி எடுத்துடுவாங்க. பழசைக் காப்பாத்துறதைத் திறமைன்னு நினைக்கிற மெக்கானிக்கோட சண்டை போட வேண்டாம், "அறுத்துடுங்கண்ணே, புதுசு வாங்கி வச்சிருக்கேன்"னா போதும். யு-போல்ட் கழட்டினா அதையும் புதுசாப் போடுங்க. ஒருமுறை இழுத்து முறுக்கினது நீண்டிருக்கும், மறுபடி அதே பிடி நிக்காது.

ஒண்ணு மட்டும் விடவே விடாதீங்க, அது கேஸ் வச்சுச் சுடுறது. பட்டை பதம் போட்ட ஸ்டீல். கண் பக்கம் சிவக்கச் சூடு பண்ணினா பதம் போயிடும், லோடு ஏத்தின ஒரு நாள் அங்கேயே முறியும். பக்கத்துலயே பிரேக் ஹோஸும் டீசல் டேங்க்கும் வேற இருக்கு.

"இன்சூரன்ஸ்ல வாங்கிக்கலாமே"ன்னு கேட்பீங்க. வராது. தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன் ரெண்டும் சாதாரண மோட்டார் பாலிசியில விலக்கு. சரக்கு வண்டி பாலிசியில ஓவர்லோடால வர்ற சேதமும் விலக்கு. ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் இதே கதைதான். இன்னொண்ணு, பட்டை சேர்த்ததால ஆர்சி-ல இருக்கிற மொத்த எடை ஒரு கிலோ கூட ஏறாது. பிரேக், ஆக்சில், டயர் எல்லாம் பழைய கணக்குதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு. 182ஏ பிரிவுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். ஓவர்லோடுக்கு 194-வது பிரிவுல 20,000, அதுக்கு மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு நடையை மிச்சம் பிடிக்கத் தூக்கிக் கட்டின வண்டியில, ஒரு தடவை மாட்டினா எத்தனை நடைக் காசு போகும்னு பாருங்க. அறுத்துக் கழட்டின அன்னைக்கே கம்பெனி உயரத்துக்கு இறக்கிடுங்கன்னு நான் சொல்றது அதனாலதான்.

வருமான வரியிலயும் ஒரு விஷயம். சின்ன சரக்கு வண்டிக்கு மாசம் 7,500 வருமானம்னு காட்டுறவங்க ரிப்பேர் பில்லைத் தனியாக் கழிக்க முடியாது. அப்போ இந்தச் செலவு முழுக்க உங்க பாக்கெட்ல இருந்துதான். அதுக்குன்னு ஒரு ஆர்டி போடுங்க, மாசம் ஒரு நாள் வருமானம் போதும்.

வேலையை எப்போ வச்சுக்கலாம்? ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கத்தான் போறோம், அடுத்து வடகிழக்கு மழை வருது. எலுமிச்சம்பழம் வைக்கிறதுக்கு முன்னாடி எல்லா ஷேக்கிள் போல்ட்டையும் ஒரு தடவை கழட்டி, துருவைத் துடைச்சு, ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவி மாட்டச் சொல்லுங்க. பேஸ்ட் போல்ட்டுக்கு மட்டும், ரப்பர்ல கிரீஸ் பட்டா ஊதிப் போயிடும். கடைசி முறுக்கை வண்டி ஜாக்கில தொங்கும்போது வைக்க விடாதீங்க. டயர் தரையில நின்னு, பட்டை எடையைத் தாங்கின பிறகுதான் முறுக்கணும். இல்லன்னா புது ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரமே கிழிஞ்சு திரும்பவும் அதே பட்டறை வாசல்ல நிப்பீங்க.