இரு பூட்டுகளின் பிணக்கு

உங்கள் மஹல்லா ஜமாஅத்தின் வேர்ட்பிரஸ் தளத்தில் ஜகாத் பெறுவோர் பட்டியலைப் பூட்டிவைக்க இரண்டு செருகுநிரல்களை அமர்த்தியிருக்கிறீர்களா? (அப்பட்டியல் இணையத்தில் எதற்கு என்பது வேறு கேள்வி.) ஒன்று உள்ளே விட, மற்றொன்று நுழைவுப் பக்கத்துக்கே திருப்பியனுப்ப, உறுப்பினர் சுற்றிச்சுற்றி வருவார். அது வெறும் தொல்லை. பக்கங்களைச் சேமித்துக் காட்டும் கேஷ் செருகுநிரலோ, உறுப்பினருக்குரிய பக்கத்தை அந்நியருக்கும் நீட்டிவிடின், ஏழையின் மானமன்றோ சந்திக்கு வந்துவிடும்!

முதலில் பட்டியலை அகற்றிவிடுங்கள். செருகுநிரலை நிறுத்தினால் பூட்டும் திறந்துகொள்ளும். தளத்தை நகலெடுத்தபின் ஒவ்வொன்றாக நிறுத்திச் சோதியுங்கள். பூட்டுக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கேஷைத் துடைத்து, உறுப்பினராக நுழையாத வேறொரு கைப்பேசியில் திறந்து பாருங்கள். பட்டியல் தனிக் கோப்பாக இருப்பின் அதன் நேர்முகவரியையும் சோதியுங்கள். பக்கத்தைப் பூட்டும் செருகுநிரல்கள் பல, கோப்பைப் பூட்டுவதில்லை.