ஃப்ரீ கரண்டும் என் மோட்டார் ரூமில் தொங்கும் மீட்டரும்

பொங்கலுக்கு வந்திருந்த தங்கச்சி மகன் தோட்டத்தைச் சுத்திப் பார்த்துட்டு மோட்டார் ரூம் வாசல்ல நின்னான். சென்னையில ஐ.டி. வேலை. "உங்களுக்கென்ன மாமா, கரண்ட் ஃப்ரீ. நாங்க கட்டுற பில்லுலதான் உங்க மோட்டார் ஓடுது"ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். நானும் சிரிச்சேன். ஆனா ராத்திரி தூக்கம் வரலை. அவன் சொன்னதில் பாதி நிஜம். மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதிவு.

முதல்ல நிஜமான பாதியை ஒப்புக்கறேன். நாங்க கரண்டை வீணடிக்கிறோம். நானும் வீணடிச்சிருக்கேன், முப்பது வருஷமா.

எனக்கு இருப்பது மூணு ஏக்கர். கிணற்றுக்குள் திட்டின்மேல் உட்கார்ந்திருக்கும் அஞ்சு எச்.பி. மோனோபிளாக். அப்பா காலத்துக்குப் பிறகு நான் வாங்கியது. மூணு தடவை காயில் எரிந்து மூணு தடவை கட்டியாச்சு. ஒவ்வொரு தடவை காயில் கட்டும்போதும் மோட்டார் கொஞ்சம் கிழடாகும், அது எங்களுக்கும் தெரியும். ஆனால் கிழடானால் என்ன, பில்லா வருது?

ரெண்டு வருஷம் முன்னாடி பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படிக்கும் என் மகள் ஒரு வேலை செய்தாள். வாடகைக்கு விடுற வீடுகளில் மாட்டுவாங்களே, அந்த சப்மீட்டர், அதில் த்ரீ பேஸ் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லி ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் எங்க வயர்மேனை வைத்து மாட்டினாள். தண்ணி விழும் இடத்தில் 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, செல்போனில் நேரம் பார்த்தாள். டிரம் நிறைய 44 செகண்ட். மீட்டர் மணிக்கு அஞ்சரை யூனிட் ஓடியது. பேப்பரில் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு, "அப்பா, நூறு பங்கு கரண்ட் எடுத்தா இருபது பங்குதான் தண்ணி தூக்குது. மிச்சம் எண்பதும் சூடாயும் சத்தமாயும் போகுது"ன்னாள். மோட்டார்மேல் கை வைக்க முடியாத சூடு எனக்கும் தெரியும். அது யாரோ ஒருத்தர் பணம்னு மட்டும் தோணினதில்லை.

பழைய புட்வால்வு பாதி அடைச்சிருந்தது. பைப் ரெண்டரை இஞ்ச், மூணு இடத்தில் எல்போ. எல்லாத்தையும் பிரிச்சு மூணு இஞ்ச் பைப் போட்டு, எல்போவுக்குப் பதில் வளைவான பெண்டு வைத்து, புது புட்வால்வு மாட்டினோம். ஆறாயிரம் ரூபாய் செலவு. டிரம் 37 செகண்டில் நிறைந்தது. மோட்டாரைத் தொடவே இல்லை. இந்த ஒரு விஷயத்தை முப்பது வருஷத்தில் ஒரு ஆள் வந்து எனக்குச் சொல்லியிருக்கலாம். உரக் கம்பெனிக்காரன் வருகிறான், மருந்துக் கம்பெனிக்காரன் வருகிறான், ஓட்டு கேட்க எல்லாக் கட்சிக்காரனும் வருகிறான். மோட்டார் ரூமுக்குள் வந்து புட்வால்வைப் பார் என்று சொன்னவன் யாருமில்லை. எங்களுக்கு மோட்டார் பற்றிய படிப்பெல்லாம் காயில் கட்டுற கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டதுதான். எரிஞ்சாத்தான் அவருக்குப் பொழப்பு. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கு?

அப்புறம் புது மோட்டார் வாங்கப் போனேன். கடையில் ரெண்டு வகை காட்டினார்கள். ஒன்று நட்சத்திர முத்திரை ஒட்டியது. இன்னொன்று எங்கேயோ அசெம்பிள் பண்ணியது, ஒன்பதாயிரம் ரூபாய் குறைவு. கடைக்காரர் என் காதுக்கிட்ட வந்து, "அண்ணா, போர்டுலதான் அஞ்சு எச்.பி., உள்ள ஏழரைக்குச் சுத்தியிருக்கு. லோ வோல்டேஜ்லயும் இழுக்கும்"னார். அதைப் பெருமையாகச் சொன்னார். எங்க ஊரில் பாதிப் பேர் வாங்குவது அதைத்தான். ஏன்னா லோ வோல்டேஜ் நிஜம். எல்லாரும் பெரிய மோட்டாரை மாட்ட மாட்ட டிரான்ஸ்பார்மர் திணறி வோல்டேஜ் இன்னும் விழும், அதனால் அடுத்தவன் இன்னும் பெருசா வாங்குவான். கெபாசிட்டர் மாட்டுங்கன்னு வாரியம் சொல்லுது. மாட்டியவனை விட மாட்டாதவன்தான் அதிகம்.

நகரத்து நண்பர்களே, உங்க ஃப்ரிட்ஜிலும் ஏசியிலும் நட்சத்திரம் ஒட்ட ஆரம்பித்தது 2006இல். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கே நட்சத்திரம் இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். ஃபேன் என்பது 75 வாட். என் மோட்டார் அதுபோல் எழுபது ஃபேன் இழுக்கும். அதற்கும் நட்சத்திரம் உண்டு, ஆனால் விருப்பம் இருந்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கில்தான் இத்தனை வருஷமா விட்டு வைத்திருந்தார்கள். ஏன்னு கேட்டால் விவசாயி பாவம், விலை ஏறிடும் என்பார்கள். மட்டமான சாமானை என் தலையில் கட்டுவதற்கு என் ஏழ்மையையே சாட்சிக்குக் கூப்பிடுறாங்க. மானியம் உண்டு, வேளாண் பொறியியல் துறையில் கேட்டால் கிடைக்கும். ஆனால் மானியம் கொடுக்கிற அதே ஊர்ச் சந்தையில் அசெம்பிள் மோட்டாரையும் விற்க விட்டால் எப்படி?

எல்.இ.டி. பல்பை நினைச்சுப் பாருங்க. அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்ய ஆரம்பித்த 2014இல் ஒரு பல்பு 300 ரூபாய்க்கு மேல். ரெண்டே வருஷத்தில் 40க்குக் கீழே வந்தது. எங்க பாட்டி வீட்டுக் குண்டு பல்பு போனது யாரும் உபதேசம் பண்ணி இல்லை, நல்ல சாமான் மலிவாக் கிடைச்சதால்தான். ஆந்திராவில் 2016இல் பழைய மோட்டாரைக் கழட்டிக்கொண்டு அஞ்சு நட்சத்திர மோட்டாரை இலவசமாகவே மாட்டிக் கொடுக்கும் திட்டம் தொடங்கினார்கள். கரண்டை இலவசமாகக் கொடுக்கிற அரசுக்கு மோட்டாரை இலவசமாகக் கொடுப்பது லாபம்தான். ஒன்றாம் வகுப்புக் கணக்கு.

நான் நட்சத்திர மோட்டாரே வாங்கினேன். டிரம் இப்போ 30 செகண்ட். மீட்டர் மணிக்கு நாலேகால் யூனிட்டுக்கும் கீழே. அதே தண்ணிக்கு ஏறக்குறைய பாதிக் கரண்ட். சரி, ஒன்பதாயிரம் அதிகமாகக் கொடுத்த எனக்கு என்ன மிச்சம்? பூஜ்யம். மிச்சம் முழுக்க வாரியத்துக்கு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். தண்ணி வேகமா வந்ததும் எனக்குப் புத்தி மாறிடுச்சு. கூடுதலா அரை ஏக்கர் சின்ன வெங்காயம் போட்டேன். மத்தியானம் வரை ஓடிக்கொண்டிருந்த கிணறு பத்து மணிக்கே வத்த ஆரம்பித்தது. ஆக, நல்ல மோட்டார் கரண்டை மிச்சம் பண்ணும், கிணற்றை மிச்சம் பண்ணாது. விலையில்லாத கரண்டும் நல்ல மோட்டாரும் சேர்ந்தால் நிலத்தடி நீர் இன்னும் சீக்கிரம் காலி. எங்க ஊரில் எண்ணூறு அடி போருக்குள் கம்ப்ரசர் வைத்துக் காற்றை அடைத்துத் தண்ணியைக் கக்க வைக்கிறார்கள். கரண்டைத் தின்பதில் அதற்கு ஈடு கிடையாது. கரண்ட் வந்ததும் தானே ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வேறு. ராத்திரி ரெண்டு மணிக்குத் த்ரீ பேஸ் வந்தால் ஆள் தூங்குவான், மோட்டார் ஓடும், தண்ணி வாய்க்கால் தாண்டி ரோட்டுக்குப் போகும்.

அப்போ கட்டணம் போடு, திருந்திடுவாங்க என்பான் என் மருமகன். இங்கேதான் அவனோடு எனக்குச் சண்டை.

இந்த இலவசம் யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததில்லை. யூனிட்டுக்குச் சில பைசா ஏற்றியதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1970இல் பெருமாநல்லூரில் மூணு விவசாயிகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோயமுத்தூர் வீதிகளை மாட்டு வண்டிகளால் நிரப்பினார்கள். அதில் ஒரு வண்டி எங்க அப்பாருடையது. எனக்கு அப்போ நடை பழகுற வயசு. 1984இல் சிறு விவசாயிக்கும், 1990இல் எல்லாருக்கும் இலவசம் வந்தது. விளைந்த பொருளுக்கு விலை சொல்ல முடியாதவனுக்கு, விளைவிக்கும் செலவில் ஒன்றைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். தக்காளி கிலோ அஞ்சு ரூபாய்க்குப் போகும் வாரத்தில் என்னிடம் கரண்ட் பில் நீட்டினால் நான் மோட்டாரை மாற்ற மாட்டேன். நிலத்தைத்தான் விற்பேன், உங்க ஊர்க்காரர் ஒருத்தர் வாங்கி சைட் போடுவார்.

ஆனால் மீட்டரே கூடாது என்று எங்க ஆட்கள் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. இதை எழுதினால் உள்ளூரில் என்ன பேச்சு கிளம்பும்னு தெரியும். எங்க இணைப்புகளில் பெரும்பாலும் மீட்டர் கிடையாது. சில இடங்களில் மட்டும் அளந்து, எச்.பி. கணக்கை வைத்து மொத்தத்துக்கும் ஒரு மதிப்பு போடுகிறார்கள். அளக்காத இடத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். கம்பியில் போகும் இழப்பையும் சேர்த்து என் பேரில் எழுதினால், இல்லைன்னு சொல்ல என்னிடம் என்ன சீட்டு இருக்கு? மீட்டர் எனக்கு எதிரி இல்லை, எனக்கான சாட்சி.

எனக்கு வேண்டிய விலை வேறு. பஞ்சாபில் 2018இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். விருப்பப்பட்டுச் சேரும் விவசாயிக்கு இத்தனை யூனிட் என்று ஒதுக்கீடு. அதற்குக் குறைவாக ஓட்டினால், மிச்சம் பிடித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் வங்கிக் கணக்கில். கூட ஓட்டினாலும் பில் கிடையாது. இதை இங்கே கொண்டுவாங்க. இலவசம் தொடரும் என்று சட்டத்திலேயே எழுதுங்க, அப்புறம் மீட்டர் மாட்டுங்க. யூனிட்டுக்கு 4 ரூபாய் என்றால் நாளைக்கு அஞ்சு மணி நேரம் ஓட்டும் எனக்கு, பழைய மோட்டாரோடு ஒப்பிட்டால், தினமும் இருபத்தாறு ரூபாய் மிச்சம். வெங்காயத்துக்குச் சொட்டுநீர் போட்டால் இன்னும் கூட. மோட்டாரை அணைப்பவனுக்குக் காசு என்றால் ஆட்டோ ஸ்டார்ட்டரை அவனே பிடுங்கிப் போடுவான்.

மருமகனுக்கு ஒரு வார்த்தை. மாப்ள, நீயும் இலவசத்தில்தான் இருக்கிறாய். 2016இலிருந்து ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் உனக்கும் சும்மாதான் வருது, நீ வாங்குற சம்பளத்துக்கும் அதே 100 யூனிட். புது ஏசியெல்லாம் போட்டதும் 24 டிகிரியில் நிற்கணும் என்று 2020லேயே விதி வந்தாச்சு. நான் உன் வீட்டுக்கு வந்தப்போ நீ அதை 18க்கு இறக்கிட்டுக் கம்பளி போத்திக்கிட்டுத் தூங்கினே. நான் ஒண்ணும் சொல்லலை, விருந்தாளி.

போன ஞாயித்துக்கிழமை பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி வந்தார். மீட்டர் மாட்டினதிலிருந்து என்னோடு சரியாகப் பேசாதவர். "இன்னைக்கு மீட்டர் வரும், நாளைக்கு பில் வரும், உங்கப்பாரு எதுக்கு வண்டி ஓட்டிட்டுப் போனாருன்னு மறந்துட்டயா"ன்னு கேட்டவர். டிரம் நிறைவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நின்னார். அப்புறம், "அந்த புட்வால்வு எந்தக் கடையில வாங்குனே?"ன்னார். சொன்னேன். போகும்போது திரும்பி, "மீட்டர் மட்டும் எனக்கு வேண்டாம்"னார்.