வசுபந்து கிழக்கின் பெர்க்லி இல்லை

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம். நெய்வேலி நகரியத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்திருந்தோம். நிறைய வாசிக்கிற நண்பன் ஒருத்தன் ஆறுதலாகச் சொன்னான்: “எல்லாமே மனசோட தோற்றம்தான்டா. வசுபந்து சொன்னதும் பெர்க்லி சொன்னதும் ஒண்ணுதான்.” அம்மா எதுவும் பேசாமல் எழுந்து உள்ளே போனாள். சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்த மனிதரின் சட்டை இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டைக் காலி பண்ண வேண்டும். எதை மூட்டை கட்டுவது, எதை விடுவது என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அன்றைக்கு நான் சண்டை போடவில்லை. இப்போது போடுகிறேன்.

பெர்க்லி 1710இல் எழுதியது என்ன? பொருள் என்று தனியாக ஒன்று இல்லை; உணரப்படுவதே இருப்பு. சரி, யாரும் பார்க்காதபோது மரம் எங்கே போகிறது? கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்கிறார். அவர் ஒரு பாதிரியார். பொருளை வெளியே தள்ளியதே ஆன்மாவையும் கடவுளையும் காப்பாற்றத்தான்.

வசுபந்து ‘விம்சதிகா’வில் வேறு வேலை செய்கிறார். வெளியே பொருள் இல்லையென்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி எப்படித் தெரியும் என்ற கேள்வியை அவரே எழுப்புகிறார். பிரேதங்களுக்கெல்லாம் ஒரே நதி சீழாகத் தெரிகிறதே, ஒத்த வினை ஒத்த தோற்றத்தைத் தருகிறது என்பது பதில். இங்கே மேற்பார்வைக்குக் கடவுள் கிடையாது. ஒரு மனவோட்டம் இன்னொன்றைப் பாதிக்கும் என்றும் சொல்கிறார். அதாவது, என் தலைக்குள் மட்டும் ஓடும் தனிப்படம் அல்ல உலகம். எல்லோருமாகச் சேர்ந்து செய்துவைத்திருப்பது.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. பெர்க்லியிடம் பொருள் போனாலும் பார்ப்பவன் பத்திரமாக இருக்கிறான். வசுபந்துவிடம் பார்ப்பவனும் போகிறான். ‘திரிம்சிகா’வில் இன்னும் ஒரு படி மேலே: ‘எல்லாம் மனம்தான்’ என்பதையே ஒரு பொருளாகப் பிடித்துக்கொண்டால் நீ இன்னும் வந்து சேரவில்லை என்கிறார். என் நண்பன் பிடித்துக்கொண்டிருந்தது சரியாக அதைத்தான்.

நியாயமாகச் சொன்னால் பெர்க்லிக்கும் இதில் அநியாயம்தான். நான் பார்க்கிற, தொடுகிற எதையும் மறுக்கவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னவர். வலி பொய் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், இந்த ஒப்பீடு எப்போதும் ஒரே திசையில்தான் போகிறது. பெர்க்லியை மேற்கின் வசுபந்து என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இத்தனைக்கும் விஞ்ஞானவாதம் நமக்குத் தூரத்துச் சரக்கு இல்லை. திரிம்சிகாவுக்கு உரை எழுதிய தர்மபாலர் காஞ்சிக்காரர்; நாலந்தாவில் தலைமை ஆசிரியராக இருந்தவர். யுவான் சுவாங் சீன மொழியில் அந்த நூலுக்கு விளக்கம் தொகுத்தபோது பெரிதும் சார்ந்தது அவர் கருத்தைத்தான். இங்கிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போய்விடுகிற ஊர். நாமோ அவருக்குச் சான்றிதழ் வாங்க அயர்லாந்து பிஷப்பிடம் போய் நிற்கிறோம்.

அதே காஞ்சியில்தான் மணிமேகலை அறவண அடிகளிடம் பௌத்த அளவை நூல் கேட்கிறாள். அதற்கு முன்னால் அவள் செய்தது என்ன? பஞ்சத்தில் கிடந்த ஊருக்கு அமுதசுரபியை ஏந்தி வந்து சோறு போட்டாள். பசி மனத்தின் தோற்றம்தான் என்று யாரிடமும் பாடம் எடுக்கவில்லை. முதலில் சோறு, பிறகுதான் தர்க்கம்.

பௌத்தம் தொடங்குவது துக்கத்தில். துக்கத்தில் இருப்பவரின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்துவது, மருந்துச் சீட்டைக் காட்டி நோயாளியைத் துரத்துவது மாதிரி. உலகம் நம் எல்லோருடைய வினையும் சேர்ந்தது என்றால், அம்மாவின் அந்தச் சாயங்காலத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. தத்துவம் பேசாமல் எழுந்து போய் நாலு அட்டைப்பெட்டி வாங்கி வந்திருக்கலாம். நானும் வாங்கி வரவில்லை.