விழுந்தவனைத் தள்ளாதீர், எழுகிறவனைத் தாங்குவீர்!

“மனசு வைத்தால் ஒரே நாளில் விட்டுவிடலாம், இவனுக்கு மனசில்லை.” குடிக்கு அடிமைப்பட்ட தொழிலாளியைப் பற்றித் தாராவிச் சந்துகளிலும் மாதுங்காவிலும் நம் திலக் நகரிலும் வழங்கும் தீர்ப்பு இதுதான். தீர்ப்புச் சொல்வது எளிது. அது நியாயமா என்று எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

மன உறுதி வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. அது இல்லாமல் எவனும் குடியை வென்றதில்லை. ஆனால் அந்த உறுதி எங்கிருந்து வருகிறது? பிறக்கும்போதே சிலருக்கு வாய்த்து, சிலருக்கு வாய்க்காத வரமா அது? அல்லவே அல்ல.

முதலில் உடலைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும், வலிப்பு வரும், உயிரே போவதும் உண்டு. இவனை அறையில் பூட்டிவைத்து, “வைராக்கியமாக இரு” என்பது அறியாமை. சயான் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் படி அங்கே ஏறட்டும். அவனுக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலப்பதும் ஆபத்து. அதன்மேல் அவன் குடித்தால் உயிருக்கே உலை வைக்கும்.

அடுத்து, விட்டவன் மீண்டும் தொடுவது. சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் வரை ஒரு முறையேனும் சறுக்குவதாக மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. இரத்தக் கொதிப்பும் ஆஸ்துமாவும் திரும்புவதும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். ஆஸ்துமாக்காரன் மீண்டும் மூச்சுத் திணறினால் “இவன் உருப்படமாட்டான்” என்கிறோமா? மறுபடி வைத்தியரிடம் அழைத்துப் போகிறோம். குடியை விட்டவன் ஒரு நாள் தவறினால் மட்டும் கைகொட்டிச் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பே அவனை மறுபடி சாராயக் கடைக்குத் துரத்துகிறது.

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற பெண் அறிஞர் 1970களில் ஆராய்ந்தார். ஊர் திரும்பிய பின் மீண்டும் அடிமையானவர்கள் மிகச் சிலரே. போர்க்களம் போயிற்று, வீடும் வேலையும் உறவும் வந்தன. நம்மவன் நிலை என்ன? மருத்துவமனையிலிருந்து அதே சந்துக்கு, அதே கடனுக்கு, அதே கூட்டாளிகளிடம் திரும்புகிறான். குடும்பம் ஊரில், இவன் பத்துப் பேர் படுக்கும் அறையில். பக்கத்துக் குர்லா டெர்மினசில் கோவை ரயிலைப் பார்த்து ஏங்கும் இவனுக்கு உறுதியை யார் ஊட்டுவது?

வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிகாரர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதில் பிறந்ததே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் சிகிச்சை நிலையம் கண்டார். பாந்த்ராவில் பாதிரியார் ஜோ பெரேரா 1981இல் கிருபா நிறுவனத்தைத் தொடங்கினார். புனேயில் அவசட் தம்பதியர் 1986இல் முக்தாங்கண் அமைத்தனர். தனி மனிதனின் உறுதி கூட்டத்தில்தான் வளரும் என்பதே இவற்றின் பாடம். தொழிற்சங்கம் கண்ட நமக்கு இது புதிதா என்ன?

அரசுகளையும் கேட்போம். 1949இன் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் பெயர் மாறி இன்றும் ஏட்டில் இருக்கிறது. ஆயினும் விஷச் சாராயம் 2004இல் விக்ரோளியில் 80க்கு மேற்பட்டோரையும், 2015இல் மால்வணியில் 100க்கு மேற்பட்டோரையும் கொன்றது. தமிழ்நாட்டிலோ அரசே கடை நடத்தி, 2023-24இல் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் கண்டது. மத்திய அரசு 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிட்டுகிறது. கடைக்கு மட்டும் பஞ்சமில்லை, கட்டிலுக்குத்தான் பஞ்சம்! ஒவ்வொரு மாநகராட்சிப் பெரிய மருத்துவமனையிலும் மதுமீட்புக்கெனத் தனிப் படுக்கைகள் வேண்டும் என்று நாம் குரல் எழுப்ப வேண்டும்.

நம் கையில் உள்ளதையும் செய்வோம். சங்க விழாக்களில் மது வாடையே கூடாது. விட்டவனுக்கு மாலை நேரத்தில் ஒரு வேலை கொடுப்போம்: நூலகத்தைத் திறக்கட்டும், பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கட்டும். கடன்காரரிடம் தவணை பேச இருவர் கூடப் போகட்டும். சறுக்கினால் மறுநாள் காலை அவன் கதவைத் தட்டுவோம்.

ஒன்றை மறவாதீர். தாங்குவது என்றால் மனைவி அடிஉதையைப் பொறுத்துக்கொள்வது என்று பொருளல்ல. அவளுக்கும் பிள்ளைகளுக்கும் காவலாக நிற்பதே சங்கத்தின் முதல் வேலை. அவன் திருந்தும்வரை அவள் அடி வாங்க வேண்டும் என்பவன் தோழனல்லன்.

மத்திய அரசின் இலவச உதவித் தொலைபேசி எண் 14446. சங்கப் பலகையில் இன்றே எழுதி வையுங்கள், தோழர்களே!