தாலி இருக்கிறது, சான்றிதழ் எங்கே?

பால்மரம் சீவிய காசில் ஒருவர் தாப்பாவில் குறைந்த விலை வீடு வாங்குகிறார். கடனைக் கட்டி முடித்த கையோடு மாரடைப்பில் போய்விடுகிறார். உயில் இல்லை. கருமக்கிரியை முடிந்து, வீட்டுக் கிராண்டை மாற்ற மனைவி பாத்தாங் பாடாங் மாவட்ட நில அலுவலகத்துக்குப் போகிறார். திருமணச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

கோயிலில் நடந்த கல்யாணம் ஐயா! தோட்டமே வந்து சாப்பிட்ட கல்யாணம்! ஆனால் பதியவில்லை.

திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-இல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் சடங்கு முறையில் கட்டிய தாலியைச் சட்டம் பதிவானதாகவே ஏற்கிறது. பின்னால் கட்டியதற்குப் பதிவு வேண்டும். இதைத் தோட்டத்தில் எவர் வந்து சொன்னார்? ஓட்டுக் கேட்க லயத்துக்கு வழி தெரிந்தவர்களுக்கு, பதிவு பாரத்தோடு வர வழி தெரியவில்லையா?

உயில் இல்லாத சொத்தை 1958ஆம் ஆண்டுச் சட்டப்படிதான் பிரிப்பார்கள். பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை என்றால் சட்டப்படியான திருமணத்தில் பிறந்த பிள்ளை என்கிறது அதே சட்டம். சான்றிதழ் இல்லையென்றால் மனைவி என்பதே கேள்விக்குறி. பிள்ளைகளின் பங்கும் கூடவே ஆடும். இருபது வருடம் எட்டிப் பார்க்காத அண்ணன் தம்பி பங்கு கேட்டு வந்து நிற்பான். பெற்ற அப்பன் வீட்டில் பிள்ளை அந்நியன்! இந்த அநியாயத்தைத் திருத்தச் சொல்லித்தான் கேட்கிறோம்.

நம் மீதும் குற்றம் உண்டு. பந்தலுக்கும் மேளத்துக்கும் ஆயிரம் ஆயிரமாகச் செலவழிக்கும் குடும்பம் பதிவிலாகா பக்கம் போவதில்லை. துணைப் பதிவாளர் உள்ள கோயில்களும் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். சில கோயில் நிர்வாகத்தினருக்கு மண்டப வாடகை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

இருவரும் உயிரோடு இருக்கும்போதே பதியுங்கள். முன்பே பிறந்த பிள்ளைகளுக்கும் அதனால் உரிமை வர வழி உண்டு. பதிந்த பிறகு உயில் எழுதுங்கள். ஏனென்றால் திருமணம் பழைய உயிலை ரத்தாக்கிவிடும். இரண்டு சாட்சிகள் ஒன்றாக இருந்து கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போட்டால் அவர் பங்கு போய்விடும். உயில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் புரோபேட் எடுக்க வேண்டும், வக்கீல் செலவு உண்டுதான். ஆனால் பதிவே இல்லாத மனைவிக்கும் வீட்டை எழுதி வைக்க உயிலால் முடியும். இ.பி.எப். வாரிசு பெயரையும் இந்த வாரமே போய்ப் பாருங்கள். இன்னும் அம்மா பெயரே இருக்கலாம், அந்த அம்மா இறந்து பத்து வருடம் ஆகியிருக்கலாம்.